அடுப்புக்கு ஒரு ஞானத்தாய்

ஜூலை பிறந்தால் ஒதிலியா டீச்சருக்குக் கவலையும் பிறந்துவிடும். மழையால் அல்ல. மலை உச்சியில் இருக்கிற லா கும்ப்ரே பள்ளிக்கூடத்துக்கு மழை ஒன்றும் புதிதில்லை. தகரக் கூரையில் அது கொட்டும்போது தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்த அவள் எப்போதோ பழகிவிட்டாள். கவலையெல்லாம் வரப்போகிற தொண்டர்களை நினைத்துத்தான்.

வடக்கே இருக்கிற நாடுகளில் அப்போதுதான் கல்லூரிகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் பையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு குவாதமாலாவில் வந்து இறங்குவார்கள். மத்தியானம் கீழே ஷேலா நகரத்தில் ஸ்பானிஷ் வகுப்பு. காலையில் சும்மா இருக்க முடியுமா? சேவை செய்ய வேண்டுமே! மைக்ரோ வேனில் ஏறி மலைக்கு வந்துவிடுவார்கள். ஜனவரியில் பள்ளி திறந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, பென்சிலைப் பிடிக்கவைத்து, வீட்டில் கிச்சே மொழி மட்டுமே பேசுகிற குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பிப்பது சரியாக இந்த ஜூலையில்தான். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து ஒருவர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அவளுக்கு அப்படித்தான் இருந்தது, வருஷா வருஷம்.

வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வழியில்லை. அதுதான் பெரிய எரிச்சல். ஒருவனாவது கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். எல்லோரும் தங்கம். வந்தவுடன் குழந்தைகளைக் கட்டிப்பிடிப்பார்கள். தலை, தோள், முட்டி என்று ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் வகுப்பில் தன் பெயரை எழுதத் தெரியாத வாண்டுகூட அந்தப் பாட்டைத் தூக்கத்தில் பாடும். அப்புறம் அந்தச் சுவர். விளையாட்டுத் திடல் பக்கத்துச் சுவருக்கு வருகிறவர்கள் எல்லோரும் வண்ணம் அடிப்பார்கள். மஞ்சள் அடித்தார்கள், அதன்மேல் பச்சை, பச்சைமேல் நீலம், நீலத்தின்மேல் கிளி. இன்னும் சில வருஷம் போனால் சுவர் வீங்கித் திடல் பாதியாகிவிடும் என்பாள் ஒதிலியா. சத்துணவு அறையின் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. கூரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள முடியாதே.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வாள். ஃபிதேலியா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஃபிதேலியாவுக்கு ஒன்பது வயது. மூன்றாவது தடவையாக முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். மக்குப் பெண்ணா என்றால் இல்லவே இல்லை. சந்தையில் அம்மாவோடு கேரட் விற்று விற்று ஸ்பானிஷ் அவள் நாக்கில் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு ஜடை, முன்பல் இரண்டுக்கு நடுவே ஒரு சந்து, சிரித்தால் கல்லும் கரையும். போதாதா? வருகிற தொண்டருக்கெல்லாம் அவள்தான் செல்லம். பாடத்தின் நடுவே கூப்பிட்டுப் போய் மடியில் உட்கார்த்திக்கொண்டு, “இதுக்கு என்ன பேரு? அதுக்கு என்ன பேரு?” என்று கேட்பார்கள். அவளும் பெரிய மனுஷியாகச் சொல்லிக்கொடுப்பாள், தப்பாகச் சொன்னால் கையில் அடிப்பாள். ஆகஸ்டில் அவர்கள் அழுதுகொண்டே கிளம்பிவிடுவார்கள். இவள் காய்ச்சல் வந்து படுப்பாள். எழுந்து வந்தால் பென்சிலைத் தொடமாட்டாள், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்டோபர் தேர்வில் கோட்டை விடுவாள். இரண்டு வருஷமும் இதே கதை.

அந்த ஜூலையில் அவள் அப்பா லாசரோ பள்ளிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“சென்யோ, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார். அந்த ஊரில் டீச்சர் யாரானாலும் சென்யோதான், பெரியவர் யாரானாலும் தோன்தான். “ஆகஸ்ட் கடைசில நாங்க காபி பறிக்கக் கடலோரப் பக்கம் இறங்குறோம். இந்தத் தடவை ஃபிதேவையும் கூட்டிட்டுப் போறேன்.”

“ஐயோ, தோன் லாசரோ! இந்த வருஷம் அவளுக்கு வருது. எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சிட்டா. தேர்வு வரைக்கும் அத்தை வீட்ல விட்டுட்டுப் போங்களேன்.”

“போன வருஷமும் இதான் சொன்னீங்க. எங்கிட்டப் படிச்சுக் காட்டுடின்னேன். புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சிக்கிட்டுக் கடகடன்னு ஒப்பிச்சா. தலைகீழ்னு அப்புறம்தான் அவ அத்தை சொன்னா; அன்னைக்கு எனக்கென்ன தெரியும், நானும் தலையாட்டினேன். கடைசில ஃபெயில்.” அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிக்கிறான்னா இருக்கட்டும் சென்யோ. வெள்ளைக்காரங்களுக்கு வேடிக்கை காட்டத்தான் ஸ்கூலுக்கு வர்றான்னா, ஒரு கூடை காபியாவது பறிக்கட்டும்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் கடலோரத் தோட்டத்துக்கு இறங்கின பிள்ளைகளில் திரும்பி வந்து பள்ளியில் உட்கார்ந்தவர்களை ஒதிலியா அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாரென் வந்து இறங்கினாள். டென்மார்க்காரி. நெடுநெடுவென்று உயரம், வெயில் பட்டுச் சிவந்த மூக்கு, வாய் நிறையச் சிரிப்பு. முதல் இடைவேளையிலேயே ஃபிதேலியா அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

‘வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது’ என்று வெளியாள் நினைக்கலாம். சொல்லிப் பாருங்கள்! அந்த மலைப்பக்கத்தில் வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொன்னவர் எவரும் இல்லை. “பாருங்களேன்...” என்று இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டதுமே, காரியம் நடக்காது என்று புரிந்துகொண்டு எதிராளி எழுந்துவிடுவார். ஒதிலியாவுக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய வகை. அவள் வீட்டில் ஆறு பாட்டில் தேன் இருந்தது. தேன்காரி வாசலுக்கு வந்துவிட்டாள், என்ன செய்வது? வீட்டில் ஒருவருக்கும் தேன் பிடிக்காது.

“பாருங்களேன் மாரென்,” என்று ஆரம்பித்தாள் அன்றைக்கு. “காலையில எங்களுக்கு வாசிப்புப் பாடம்...”

மாரென் திரும்பிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்க்கச் சொன்னால் பார்க்கத்தானே வேண்டும்! “ஓ, பாடம்! ரொம்ப அழகு! நான் உதவி பண்றேன், எனக்கு ரொம்ப சந்தோஷம்!” என்று சொல்லிவிட்டு ஃபிதேலியாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், எழுத்து அட்டைகளைத் திடலில் பரப்பி அவற்றின்மேல் குதித்து விளையாட.

தலைமையாசிரியர் தோன் எலிசேயோவிடம் போய் நின்றாள் ஒதிலியா. அவர் புதுப் பந்தின் காற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாரென் கொண்டுவந்த பந்து.

“சார், அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லக் கூடாதா?”

“நானா? எப்படி டீச்சர்? எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு, பாவம்.”

“நானும்தான் ஷேலாவிலேர்ந்து தினம் மைக்ரோவுல தொங்கிக்கிட்டு வர்றேன். என்னை யாரும் பாவம்னு சொல்லலையே!”

“அது வேற,” என்றார் அவர். எது வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

வழி பிறந்தது அடுப்பில். பிள்ளைகளுக்கு இடைவேளையில் சோளக் கஞ்சியும் பீன்ஸும் சமைக்கிற தாய்மார்கள் அத்தனை வருஷமும் மூன்று கல்லின்மேல் ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம்தான் இரும்புத் தட்டும் புகைபோக்கியும் வைத்த புது அடுப்பு வந்திருந்தது. அங்கே எது புதிதாக வந்தாலும் அதற்கு ஒரு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வேண்டும். ஞானஸ்நானம் பெறுகிற குழந்தைக்கு மட்டுமல்ல. கால்பந்துக் குழுவின் சட்டைக்கு உண்டு, பாண்டு மேளத்துக்கு உண்டு, பள்ளியின் கழிப்பறைக்குக்கூடக் கீழ்த்தெரு மருந்துக்கடைக்காரர் ஞானத்தந்தை. ரிப்பன் வெட்டி நாலு வார்த்தை பேசுவதோடு தீராது. அந்தப் பொருள் நன்றாக இருக்கிறதா என்று கடைசிவரை வந்து பார்ப்பது அவர் பாடு. மருந்துக்கடைக்காரர் இன்றைக்கும் கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

விருந்தாளியைச் சமையல்கட்டுக்குள் விடக் கூடாது. ஆனால் அடுப்பின் ஞானத்தாயை எப்படி வெளியே நிறுத்துவது? காலை முழுக்க அவள் அடுப்படியோடு போய்விடுவாள், வகுப்புப் பக்கம் வரமாட்டாள். ஒதிலியா இதைச் சமையல்காரத் தாய்மார்களின் தலைவி தோமாசாவிடம் சொன்னபோது, தோமாசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடிப் பாவி டீச்சர்! இவ்வளவு நாள் வாயில்லாப் பூச்சின்னுல்ல நினைச்சேன்!”

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மாரெனுக்குக் குறுக்கே பட்டு நாடா போட்டார்கள். அவள் ரிப்பனை வெட்டி, கண் கலங்கி, தெரிந்த ஸ்பானிஷ் எல்லாவற்றையும் போட்டு ஒரு பேச்சுப் பேசினாள். அடுப்புக்கு நூறு வயது வாழ்த்தினாள். “இனிமே இது உன் பிள்ளை. காலையில வந்து பத்த வைக்கணும், கஞ்சி கிண்டணும், சாம்பல் அள்ளணும்,” என்று தோமாசா அவள் கையில் கரண்டியைக் கொடுத்தாள். மாரென் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒதிலியா அன்று மாலை மைக்ரோவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு போனாள்.

சிரிப்பு செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. அன்று காலை, இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வருகிற பாடம். முதல் வகுப்பில் அதுதான் பெரிய மேடு, அதைத் தாண்டினால் இறக்கம். ஒதிலியா பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஃபிதேலியாவின் இடம் காலி. எங்கே போயிருப்பாள்? சமையலறையில் மாரென் மடியில் உட்கார்ந்து கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“சென்யோ!” என்றாள் மாரென் பூரிப்போடு. “ஃபிதே எனக்கு நல்லா சொல்லித் தர்றா! கரண்டி, சாம்பல், புகை! என் ஸ்பானிஷ் டீச்சரைவிட இவ நல்ல டீச்சர்!”

“பாருங்களேன்...” என்று ஆரம்பித்தாள் ஒதிலியா. இந்தத் தடவை அதற்குமேல் இழுக்க முடியவில்லை.

“கூடாது மாரென்! கூடாதுன்னா கூடாது! இவ விளையாட வரமாட்டா, பாட வரமாட்டா, உனக்குச் சொல்லித்தரவும் வரமாட்டா. போன வருஷம் ஒருத்தி வந்தா. அதுக்கு முன்னாடி கிடாரைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன். எல்லாரும் இவகிட்டத்தான் ஸ்பானிஷ் கத்துக்கிட்டீங்க. எல்லாரும் பாஸு! இவ மட்டும் ரெண்டு வருஷமா ஃபெயிலு! நீ ஊருக்குப் போயிடுவ. இந்தத் தடவை இவ படிக்கலேன்னா இவ அப்பா காபித் தோட்டத்துக்கு இழுத்துட்டுப் போயிடுவார். தெரியுமா உனக்கு?”

பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த தோமாசாவின் கை அப்படியே நின்றது. மாரென் முகம் மூக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் எச்சிலை விழுங்கிவிட்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

“மன்னிக்கணும் சென்யோ. வேகமா சொன்னீங்க. கொஞ்சம் மெதுவா... மறுபடியும் ஒரு தடவை?”

கடவுளே! பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த தைரியம் மொத்தத்தையும் ஒரு தடவைக்கே செலவழித்தாயிற்று. இன்னொரு தடவைக்கு அவள் எங்கே போவாள்? ஆனாலும் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். இந்தத் தடவை மாரெனுக்கு எல்லாம் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“விருந்தாளியை அழ வச்சிட்டீங்களே டீச்சர்! இந்த ஸ்கூல்ல இதுவரைக்கும் இப்படி நடந்ததுண்டா?” என்று தோன் எலிசேயோ அங்கலாய்த்தார். ஒதிலியாவுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பேக்கரியில் இனிப்பு ரொட்டி வாங்கி, கூடவே ஒரு தேன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள்.

சமையலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே ஃபிதேலியா கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். “திறங்க மாரென்! நான்தான்!” உள்ளேயிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. கதவிடுக்கு வழியே தோமாசா கிசுகிசுத்தாள்: “கஞ்சில கண்ணீர் விழுது டீச்சர். உப்பே போட வேணாம் போலிருக்கு. ஆனா திறக்கமாட்டேங்குறா. பாடம் முடிஞ்சாத்தான் திறப்பாளாம்.”

ஒதிலியா ஃபிதேலியாவைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அவள் தோளிலேயே கடித்தாள் அந்தப் பெண். “நீங்கதான் கெட்டவங்க! நீங்கதான் எல்லாத்துக்கும் காரணம்!” என்று கத்தினாள். கத்தட்டும். ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஃபிதேலியா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒதிலியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி அழவைத்து யாருக்கு என்ன லாபம்? ஆகஸ்டில் வருகிற காய்ச்சலை ஜூலையிலேயே வரவழைத்ததுதான் மிச்சமோ என்று நினைத்தாள்.

ஒருநாள் பாட நேரத்தில் ஃபிதேலியா மறுபடியும் நழுவிப் போய்விட்டாள். ஒதிலியா பல்லைக் கடித்துக்கொண்டு தேடி வந்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். கால்களுக்கு நடுவே மூட்டையில் அச்சடித்த பெரிய எழுத்துகள். போக்கிடம் இல்லாத அலுப்பில் அவற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. முதல் பாதியைச் சொன்னாள், நிறுத்தினாள், மறு பாதியைச் சொன்னாள். இரண்டையும் சேர்த்தாள். பிறகு துள்ளி எழுந்து கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

“மாரென்! இது சோள மாவு! மூட்டையே சொல்லுது, சோள மாவுன்னு!”

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. “பாடம் முடியட்டும்!” என்று தழுதழுத்த குரல்தான் வந்தது. ஒதிலியா சுவரோரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஃபிதேலியாவைப் பிடிக்க முடியவில்லை. மருந்துச் சீட்டு, மைக்ரோவின் நெற்றிப் பலகை, சுவரில் கிளிக்குக் கீழே எழுதியிருந்த வாழ்த்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் கத்திப் படித்தாள்.

மாரென் கிளம்புகிற நாள் வந்தது. அவள் ஸ்பானிஷ் கற்றாளா என்றால், பாதிதான். மீதி, சமையலறைத் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கிச்சே. அதிலும் ஊரில் சொன்னால் அடி விழுகிற வார்த்தைகளாகப் பார்த்துக் கற்றிருந்தாள். வழியனுப்பு விழா மணியடித்த பிறகுதான் என்று தலைமையாசிரியர் சத்தியம் செய்திருந்தார். வழக்கம்போல் பாடத்தின் நடுவிலேயே மரிம்பா வாத்தியத்தை அடிக்கச் சொல்லிவிட்டார். சத்தம் கேட்டதும் வகுப்பு மொத்தமும் திடலுக்குப் பாய்ந்தது. தோமாசா சோள மடலில் வைத்து அவித்த கொழுக்கட்டைகளை அண்டாவோடு கொண்டுவந்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து லாசரோ முதுகில் மூட்டையோடு வந்து நின்றார். கோயில் பக்கம் லாரி காத்திருக்கிறதாம்.

“எங்கே சென்யோ என் பொண்ணு? அந்த வெள்ளைக்காரப் பொண்ணு கழுத்தைக் கட்டிட்டு அழுதுட்டிருப்பா, அதானே?”

ஒதிலியா திடலைப் பார்த்தாள். ஃபிதேலியா அங்கே இல்லை. காய்ச்சலோ? எங்காவது மூலையில் சுருண்டு கிடக்கிறாளோ? வகுப்பறைக்கு ஓடினாள், லாசரோவும் பின்னாலேயே வந்தார். வாசலில் மாரென் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கைகளையும் விரித்தபடி.

“ஃபிதே! நான் கிளம்புறேன். வா!”

காலி வகுப்பில், கடைசி பெஞ்சில், ஃபிதேலியா புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருந்தாள். விரல் வரிக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

“இருங்க,” என்றாள். “சேவல் கிணத்துக்குள்ள விழுந்திடுச்சு. இந்தப் பக்கம் முடியட்டும்.”

மாரெனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. வாயைப் பொத்திக்கொண்டு, நுனிக்காலால் பின்னால் நகர்ந்தாள். லாசரோ மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார்.

“வெள்ளைக்காரங்க குரல் கேட்டா வாயில வச்ச ரொட்டியை அப்படியே போட்டுட்டு ஓடுவா இவ,” என்றார் மெதுவாக. “என்னத்தைப் படிக்கிறான்னு எனக்குத் தெரியாது சென்யோ. ஆனா ஓடலையே.” மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தார். “அத்தை வீட்ல இருக்கட்டும். லாரிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வெளியே மைக்ரோவின் ஹாரன் அலறியது. மத்தியான வண்டி. இதை விட்டால் மாரெனுக்கு ஷேலாவில் பஸ் கிடைக்காது. தோன் எலிசேயோ அவள் பையைத் தூக்கிக்கொண்டு, “ஏறும்மா, ஏறும்மா” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவள் திரும்பித் திரும்பி வகுப்பறையைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள். வண்டி உறுமியது.

இரண்டு மாதமாக இந்த இரண்டு பேரையும் பிரிக்க என்ன பாடு பட்டாள் ஒதிலியா! இப்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு, கல்லிலும் சேற்றிலும் ஓடி, நேரே மைக்ரோவின் முன்னால் போய் நின்றாள். பானெட்டில் ஓங்கி ஒரு அடி.

“சேப்பே! வண்டி போகக் கூடாது!”

ஓட்டுநர் சேப்பே தலையை வெளியே நீட்டினான். ஒதிலியா டீச்சர் வாயிலிருந்து ‘கூடாது’ என்ற வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. “என்ன சென்யோ இது? உள்ள ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. எனக்கு நேரமாச்சு!”

“ஆகட்டும். ஒருத்தி ஒரு பக்கம் படிச்சு முடிக்கணும். அப்புறம் வந்து வழியனுப்புவா.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

ஒதிலியா பள்ளிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “தோன் லாசரோ! இன்னும் எத்தனை வரி இருக்காம்?”

லாசரோ வகுப்பறைக்குள் தலையை நீட்டினார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

“கேட்டேன் சென்யோ! ‘பேசாம இருங்கப்பா’ன்னுட்டா!”

ஒதிலியா திரும்பி, மைக்ரோவின் மூக்கில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“இன்ஜினை அணைச்சிடு சேப்பே,” என்றாள்.